எந்தப் படையில் சேரலாம்? ராணுவ ஃபேன்டசி நாவல்கள் சில

ராணுவ ஃபேன்டசி, அதாவது மாயாஜால உலகத்தில் படைவீரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் கதை, என்று அட்டையில் போட்டிருக்கும் நாவல்கள் பலவற்றில் ராணுவமே இருக்காது. ஒரு இளவரசன் இருப்பான், ஒரு மாய வாள் இருக்கும், கடைசியில் பெரிய போர் ஒன்று நடக்கும். அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வருகிறது, காயம்பட்டவனை யார் தூக்கிப் போகிறார்கள், சம்பளம் வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு இந்தக் கேள்விகள்தான் முக்கியம். அதனால் ஒரு நாவலை எடுத்தால் முதலில் பார்ப்பது, போரை நமக்குக் காட்டுபவர் அந்தப் படையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான்.

அந்தக் கணக்கில் க்ளென் குக்கின் ‘தி பிளாக் கம்பெனி’தான் முதலிடம். 1984இல் வந்தது. கதை சொல்லும் குரோக்கர் ஒரு கூலிப்படையின் மருத்துவன். படையின் வரலாற்றை எழுதிவைக்கும் பொறுப்பும் அவனுடையது. இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்ததால்தான் நாவலுக்கு அந்தக் குரல் கிடைத்திருக்கிறது. போர் முடிந்ததும் அவனுக்கு வெற்றி கண்ணில் படுவதில்லை, தைக்க வேண்டிய காயங்கள்தான் தெரிகின்றன. மற்ற நேரமெல்லாம் சீட்டாட்டம், காத்திருப்பு, ஒற்றைக்கண், காப்ளின் என்ற இரண்டு மந்திரவாதிகளின் ஓயாத சண்டை. இவர்கள் வேலை செய்வது ‘லேடி’ என்ற கொடுங்கோல் பேரரசிக்கு. எதிரில் நிற்கும் புரட்சிப் படையும் ஒன்றும் யோக்கியமில்லை. யார் பக்கம் நியாயம் என்று கேட்க வசதியில்லாத மனிதர்கள், தங்களுக்குள் மட்டும் எப்படி நியாயமாக இருந்துகொள்கிறார்கள் என்பதே கதை.

குக் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். வாக்கியங்களும் அப்படித்தான், சுருக்கமாக, அலங்காரமில்லாமல் வரும். ஊரையோ உடையையோ வருணித்து நிற்க மாட்டார். சிலருக்கு இது வறட்சியாகப் படலாம். முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் படையில் நீங்களும் ஒருவர்.

இதற்கு நேர் எதிரில் நிற்பது ஸ்டீவன் எரிக்சனின் மலாசன் வரிசை. 1999இல் ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ என்று தொடங்கி 2011இல் பத்தாவது பாகத்தோடு முடிந்தது. எரிக்சன் தொல்லியலும் மானிடவியலும் படித்தவர். நண்பர் இயன் எஸ்லமான்டோடு சேர்ந்து 1980களில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றுக்காக உருவாக்கிய உலகம் இது. குக்கின் பாதிப்பு இதில் வெளிப்படையாகவே தெரியும். பாலம் எரித்தவர்கள் என்ற படைப்பிரிவின் கிண்டல், களைப்பு, பட்டப்பெயர்கள் எல்லாம் அந்த வழி வந்தவைதான். ஆனால் குக் ஒரே ஒரு கூடாரத்துக்குள் நம்மை உட்கார வைக்கிறார். எரிக்சன் கண்டங்களையும் கடவுள்களையும் பல லட்சம் ஆண்டுகளையும் ஒரே மூச்சில் இறக்கிவைக்கிறார், விளக்கமே சொல்லாமல். முதல் பாகத்திலேயே பலர் மூடிவைத்துவிடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பாகம் உண்மையிலேயே கடினம்.

ஆனால் இரண்டாம் பாகமான ‘டெட்ஹவுஸ் கேட்ஸ்’வரை வந்துவிட்டால், இந்த வகையின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று காத்திருக்கிறது. கிளர்ச்சி வெடித்த ஒரு நாட்டில் தளபதி கோல்டெய்ன் ஏழாம் படையோடு ஆயிரக்கணக்கான அகதிகளையும் கூட்டிக்கொண்டு ஹிஸ்ஸார் நகரிலிருந்து ஆரென் நகரை நோக்கி நடக்கிறான். தண்ணீர் இல்லை, உணவு இல்லை, ஒவ்வொரு ஆற்றையும் சண்டை போட்டுத்தான் கடக்க வேண்டும். பாதுகாக்கப்படும் பிரபுக்களே அவனுக்குக் குறுக்கே நிற்கிறார்கள். கூடவே நடக்கும் வயதான வரலாற்றாசிரியர் டியூக்கரின் கண்ணால் அதைப் பார்க்கிறோம். பின்வாங்குதல் என்பது எவ்வளவு பெரிய ராணுவச் சாதனை என்று எனக்குப் புரியவைத்தது இந்த நாவல்தான். இருந்தாலும் குக்கைப் படித்துவிட்டு இங்கே வாருங்கள். வரிசை மாறினால் பாதி ருசி போய்விடும்.

எலிசபெத் மூனின் ‘ஷீப்ஃபார்மர்ஸ் டாட்டர்’ பற்றி அதிகம் பேச்சே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 1988இல் வந்தது. மூன் அமெரிக்க மரைன் படையில் அதிகாரியாக இருந்தவர். ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண் பாக்ஸ், தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்து வீட்டைவிட்டு ஓடி, ஒரு கூலிப்படையில் சேர்கிறாள். அவள் அரசகுலத்தவள் என்ற ரகசியமெல்லாம் கிடையாது. அணிவகுப்பு, கழிப்பிடக்குழி தோண்டுதல், ஆயுதம் துடைத்தல், காவல் முறை என்று பயிற்சி நிதானமாக நடக்கிறது. தொடக்கத்திலேயே அவள்மீது ஒரு பழி விழுகிறது. அதைப் படை எப்படி விசாரிக்கிறது என்பதை மூன் பொறுமையாக எழுதியிருக்கிறார். ஒழுங்கு என்பது அடக்குமுறையாகவும் இருக்கலாம், எளியவருக்கு அரணாகவும் இருக்கலாம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஃபேன்டசியை நான் படித்ததில்லை. பாலியல் வன்முறையைத் தொடும் பகுதி அது என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். அடுத்த இரண்டு பாகங்களில் கதை படையைவிட்டு விலகி பாக்ஸின் தனி வழியில் போகிறது. போர் வாழ்க்கைக்காக வருபவர்கள் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

மூன் படையை நம்புகிறார். ஜோ அபர்கிராம்பி யாரையும் நம்புவதில்லை. 2011இல் வந்த ‘தி ஹீரோஸ்’ நாவலில் ஒரே ஒரு போர்தான், மூன்று நாள், ஒரு பள்ளத்தாக்கும் நடுகற்கள் சூழ்ந்த ஒரு குன்றும். ஒரு அத்தியாயத்தில் ஒருவன் கண்ணால் சண்டையைப் பார்க்கிறோம்; அவன் கொல்லப்பட்டதும் கொன்றவனின் கண்ணுக்குப் போகிறோம்; அவனும் சாகிறான், பார்வை அடுத்தவனுக்கு மாறுகிறது. இரண்டு பக்கத்தாரும் ஒரே மாதிரி மனிதர்கள் என்பதை வேறு யாரும் இப்படிக் காட்டியதில்லை. பத்து பாகம் படிக்க நேரமில்லை, ஒரே புத்தகம் போதும் என்பவர்களுக்கு நான் தயங்காமல் கொடுப்பது இதைத்தான். அபர்கிராம்பியின் முந்தைய நாவல்களைப் படித்திருந்தால் சில முகங்கள் தெரிந்திருக்கும். படிக்காவிட்டாலும் கதை புரியும்.

ஆர். எஃப். குவாங்கின் ‘தி பாப்பி வார்’ (2018) இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. முதல் பாதி ராணுவப் பள்ளிக் கதை, வேகமாக ஓடும். பின்பாதியில், சீனாவின் நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படை 1937இல் நடத்திய படுகொலையை ஒட்டிய பகுதி வருகிறது. மனம் தயாராக இருந்தால் மட்டும் படியுங்கள், பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதை என்று நினைத்து வாங்கித்தர வேண்டாம். அவர்களுக்கு நவோமி நோவிக்கின் ‘டெமரேர்’ வரிசை நல்லது. நெப்போலியன் காலப் போர்களில் டிராகன்கள் விமானப்படையாகப் பறக்கின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் கப்பலில் இருப்பதுபோல் ஒரு குழு. ஒன்பது பாகம். முதல் பாகம் அதனளவில் முழுமையாகவே இருக்கிறது.