நபார்டு கடனா, நமக்கு நாமேயா?

குளச்சல் பக்கத்து அரசுப் பள்ளிகளில் மழைக்காலம் வந்தால் இந்தப் பேச்சும் வந்துவிடும். ஓடு ஒழுகுது, யாரிடம் போவது? வழி இரண்டு: வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் கடனில் அரசு கட்டித் தருவது, அல்லது மக்கள் பங்கு போட்டு அரசோடு சேர்ந்து செய்யும் ‘நமக்கு நாமே’ திட்டம்.

காசு: நபார்டில் ஊர் ஒரு பைசா போடவேண்டாம். 1995-96இல் தொடங்கிய ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியிலிருந்து மாநில அரசு கடன் வாங்கும், அரசே அடைக்கும். ‘நமக்கு நாமே’யில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. 12 லட்சம் வேலைக்கு 4 லட்சம். வளைகுடாவில் பழைய மாணவர்கள் நிறைய இருக்கிற ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். வள்ளத்தை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு அது மலை.

காத்திருப்பு: நபார்டு பட்டியல் சென்னையில் முடிவாகும், நம் பள்ளி அதில் ஏறும்வரை பொறுமை வேண்டும். மற்றதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி. பங்குத்தொகையைக் கட்டிவிட்டால் பேச்சு வேகமாக நகரும்.

நீடித்து உழைப்பது: கடலோரத்தில் இதுதான் முக்கியம். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் குறைந்தால் கூரை சீக்கிரமே உதிரும். கைக்காசு போட்டவர்கள் சிமென்ட் மூட்டையை எண்ணிக்கொண்டு நிற்பார்கள். பெரிய ஒப்பந்த வேலையில் அப்படி யார் நிற்கிறார்கள்?

பத்து வகுப்பறை, ஆய்வகம் என்றால் நபார்டுதான். அவ்வளவு பணம் பிரிக்க முடியாது. கழிப்பறை, சுற்றுச்சுவர், இரண்டு அறை என்றால் என் ஓட்டு நமக்கு நாமேக்கு.