திடலில் ஜிம்மா, பின்கட்டில் கிடக்கும் சைக்கிளா?

காரைக்குடியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டினோம். பெரியவர் சிறியவர் எல்லாரும் தினமும் உடம்பை அசைக்க வேண்டும், அதற்கு ஏதாவது செய்யலாம் என்பதுதான் நோக்கம். இரண்டு யோசனைகள் வந்தன. திடலில் இரும்புக் கருவிகளைப் பதித்துத் திறந்தவெளி ஜிம் அமைக்கலாம். இல்லையென்றால் வீடுகளில் சும்மா கிடக்கும் சைக்கிள்களைச் சரிசெய்து ஓட்ட வைக்கலாம். பேசிப் பேசிக் கடைசியில் சைக்கிளுக்குப் போனோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஜிம் எல்லார் கண்ணிலும் படும், கூட்டமாகப் பயிற்சி செய்யலாம். சைக்கிளில் பெட்ரோல் மிச்சம். இதெல்லாம் தெரிந்த கதை.

நேரக் கணக்கும் சைக்கிளுக்குத்தான் சாதகம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடைக்கோ வேலைக்கோ போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்று ஐந்து நாள் மிதித்தாலே அது நிறைந்துவிடும். காரைக்குடி மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர். நிதானமாக மிதித்தாலும் அந்தக் கால் மணியில் மூன்று கிலோமீட்டர் போய்விடலாம். ஜிம்முக்கு என்றால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். காலையில் அடுப்படியை விட்டு நகர முடியாத பெண்களுக்கு அது எங்கே கிடைக்கும்?

ஆனால் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். வெயிலிலும் மழையிலும் நிற்கிற கருவியில் முதலில் போவது பேரிங். கிரீஸ் வற்றிக் கிறீச்சிடும், அப்புறம் இறுகும். யாராவது பலம் கொண்டு இழுத்தால் வெல்டிங் விட்டுப்போகும். உதிரி பாகத்துக்குச் செய்து கொடுத்த கம்பெனியைத்தான் தேட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அது எல்லாருடையது; அதனால் எண்ணெய் விட யாருக்கும் தோன்றாது. பக்கத்துப் பூங்கா ஒன்றில் மிதிகட்டை கழன்று தொங்கும் கருவியை நாங்கள் எல்லாருமே பார்த்திருந்தோம்.

சைக்கிள் கெடாது என்று சொல்ல வரவில்லை. எங்கள் பக்கம் கண்மாய்க்கரை நெடுகச் சீமைக்கருவேல். அந்த முள் டயரில் ஏறி உள்ளேயே முறிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒரு கரும்புள்ளிதான். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுநாளும் பஞ்சர்தான். ஆனாலும் அது கைக்கு எட்டிய வேலை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிக் கொடுக்க ஊருக்குள் ஆள் இருக்கிறார்கள். சைக்கிள் அவரவர் வீட்டுடையது என்பதால் செயின் சத்தம் போட்டாலே கவனிக்கிறார்கள்.

புதிதாக ஒரு சைக்கிளும் வாங்கவில்லை. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள், அவர்கள் கல்லூரிக்குப் போனதும் பின்கட்டுச் சுவரில் சாய்ந்துவிடுகிறது. அவற்றைத்தான் வெளியே எடுத்தோம். டயர், டியூப், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், கோணிய ரிம்முக்குக் கோட்டம் எடுப்பது, பெரும்பாலும் இவ்வளவுதான் வேலை.

பெண்கள் ஓட்டுவார்களா என்று கூட்டத்தில் சிலர் இழுத்தார்கள். செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே 1990களின் தொடக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்தத் தலைமுறை அக்காக்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி, “எங்க காலத்துல நாங்க ஓட்டலையா?” என்று கேட்டதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஜிம் ஜெயிக்கும் இடமும் உண்டு. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும், 65 வயதுக்கு மேல் தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சியும் வேண்டும் என்றும் அதே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கைக்கும் தோளுக்கும் சைக்கிள் பெரிதாக எதுவும் செய்யாது. மூட்டுவலிக்காரர்களுக்கு எது நல்லது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை, மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். பஸ்ஸும் லாரியும் நெருக்கும் பெரிய ரோட்டில் சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவும் எனக்குத் துணிவில்லை. உள்தெருக்களோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உங்கள் தெருவிலும் பணம் திரட்டுகிறீர்கள் என்றால், கருவிக்கு விலை கேட்கும் முன் எத்தனை வீட்டில் சைக்கிள் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எடுக்கும் சைக்கிளில் முதலில் ஃபிரேமின் வெல்டிங் இணைப்புகளைப் பாருங்கள். அங்கே துரு அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம்.