எனக்குச் சொந்தமில்லாத பூட்டனார்

குடும்ப வரலாற்றைத் தேடும் ஆர்வத்தில், அருகிலுள்ள வம்சாவளி ஆய்வுக் குழு ஒன்றில் சேர எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னும், அதைவிட முக்கியமாக வீட்டுப் பெட்டியிலிருக்கும் பழைய காகிதங்களை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னும் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தக் குழுவின் பெயரையோ அதை நடத்துபவரின் பெயரையோ நான் குறிப்பிடப் போவதில்லை. அங்கே எனக்கு நேர்ந்தது வேறெந்தக் குழுவிலும் நேரக்கூடியதே என்பதால் பெயர் தெரியாததால் யாருக்கும் நட்டமில்லை.

என் தாயாருக்கு வயதாகிவிட்டது. தம்முடைய தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. அந்தத் தாத்தாவை, அதாவது என் பூட்டனாரை, பற்றி எங்களுக்குத் தெரிந்தவை மிகக் குறைவு: பெயர், தச்சு வேலை செய்தவர் என்பது, உத்தேசமான பிறந்த ஆண்டு, அவர் தம் கைப்பட எழுதிய ஆறு கடிதங்கள், ஓரம் அரித்துப்போன ஒரு புகைப்படம். இவற்றை வைத்துக்கொண்டு நானே தேடிப் பார்த்துச் சலித்துப் போயிருந்த வேளையில்தான் அந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சந்தா கட்டி உறுப்பினரானேன்.

இத்தகைய குழுக்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. கல்லறைக் கல்வெட்டுகளை வெயிலில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவு செய்பவர்களும், யாரும் தொடாத பதிவேடுகளுக்கு ஊதியமின்றி அட்டவணை தயாரிப்பவர்களும் இப்படிப்பட்ட குழுக்களில்தான் இருக்கிறார்கள். நான் சேர்ந்த குழுவிலும் அப்படிப்பட்ட இருவர் இருந்தார்கள். அவர்கள் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. பேசியதெல்லாம் செயலாளர்தான். உறுப்பினர்களுக்காகத் தனியே கட்டணம் வாங்கிக்கொண்டு வம்சாவளி தயாரித்துத் தரும் வேலையையும் அவரே செய்துவந்தார்.

முதல் சந்திப்பிலேயே அவர் கடிதங்களையும் புகைப்படத்தையும் கேட்டார். நகல் எடுத்து வந்திருக்கிறேன் என்றேன். "நகலில் மையின் நிறம் தெரியாதம்மா, தாளின் வயதும் தெரியாது. மூலத்தைக் கொடுங்கள், ஸ்கேன் செய்துவிட்டு அடுத்த கூட்டத்தில் தந்துவிடுகிறேன்" என்றார். அவர் சொன்னது பொருத்தமாகப் பட்டதால் ஆறு கடிதங்களையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதித் தரும்படி கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை பின்னால் வருகிறது.

ஏழு மாதம் கழித்து, தோல் அட்டையும் பொன் எழுத்தும் கொண்ட ஒரு புத்தகம் வந்தது. ஒன்பது தலைமுறை. அட்டையின் நடுவே ஒரு குலச்சின்னம். அன்று மாலை அதைத் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் இடையிடையே நிறுத்தச் சொல்லிப் பெயர்களைத் தமக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டார். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கணக்கு உதைத்தது. நான்காம் தலைமுறையில் ஒரு பெண் தம் ஒன்பதாம் வயதில் பிள்ளை பெற்றிருந்தார். ஆதாரம் என்ற பத்தியைப் பார்த்தால், பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே "குழுவின் ஆவணம்" அல்லது "குடும்ப மரபு" என்றிருந்தது. இன்னும் சிலவற்றுக்கு இணையத்தில் வேறு யாரோ போட்டுவைத்த வம்சாவளியே ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது. எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது பதிவு என்ற விவரம் ஓரிடத்திலும் இல்லை. செயலாளரைக் கேட்டேன். பழைய ஆவணங்கள் அப்படித்தான் முன்பின்னாக இருக்கும் என்றும், நாற்பது ஆண்டு அனுபவத்தில் சொல்வதாகவும் பதில் வந்தது.

ஆகவே நானே பதிவேடுகளைத் தேடி இறங்கினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். மார்மன் திருச்சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளம், உலகின் பல நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை எண்மமாக்கும் பணியை 2021இல் முடித்தது. அவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சிலவற்றை அவர்களுடைய மையங்களுக்குச் சென்றுதான் பார்க்க முடியும். எதற்கும் கட்டணம் இல்லை. எனக்குத் தந்த ரசீதில் "ஆவணக் கட்டணம்" என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்ததே, அது இந்த இலவசப் படங்களுக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அட்டவணையை நம்பாமல் மூலப் பக்கத்தின் படத்தையே பார்க்க வேண்டும் என்று குழுவில் இருந்த அந்த அமைதியான இருவரில் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். பார்த்தேன். என் பூட்டனாரின் பிறப்பு என்று புத்தகத்தில் போட்டிருந்த பதிவில் ஆண்டின் கடைசி இலக்கம் 7. எழுத்தர் அந்த எண்ணின் தலைக்கோட்டை மிகச் சிறிதாக இழுத்திருந்ததால், அட்டவணை தயாரித்தவர் அதை 1 என்று படித்திருக்கிறார். அதே பக்கத்தில் அவர் எழுதியிருந்த மற்ற ஏழுகளையும் ஒன்றுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆறு ஆண்டு வேறுபாட்டில் ஒன்பது வயதுத் தாயின் மர்மத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதி இன்னும் மோசம். அதே ஊரின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். பிறந்த குழந்தையின் பெயரைக் கண்டதும் அதுதான் நம் முன்னோர் என்று துள்ளிவிடாமல், அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானதா என்று பார்ப்பது இந்தத் துறையில் பாலபாடம். குழந்தைகள் அதிகம் இறந்த காலம் அது, இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கே வைக்கும் வழக்கமும் பல நாடுகளில் இருந்தது. அதே பெற்றோரின் பெயரோடு, அதே பெயருள்ள குழந்தை, பதினான்கு மாத வயதில் இறந்ததாக அங்கே எழுதியிருந்தது. எங்கள் வம்சத்தின் ஒன்பது தலைமுறையும் பதினான்கு மாதமே வாழ்ந்த ஒரு சிசுவின் தோளில் நின்றுகொண்டிருந்தன.

பிறகு திருமணப் பதிவேட்டைப் பார்த்தேன். புத்தகத்தில் என் பூட்டனாரின் திருமணம் என்று காட்டியிருந்த பதிவில், மணமகனின் பெயர் சரியாகத்தான் இருந்தது. தொழில் படகோட்டி. கையெழுத்து இடவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறிபோலக் கீறல். அதன் இருபுறமும் "இன்னாருடைய கீறல்" என்று எழுத்தர் எழுதியிருந்தார். எழுதத் தெரியாத ஒருவர் வைத்த குறி அது. என் பூட்டனாரோ பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியவர். கையெழுத்தின் கடைசி எழுத்தை மேலே தூக்கி ஒரு சுழி சுழித்துவிடும் பழக்கம் உள்ளவர். அந்த ஆறு கடிதங்கள் செயலாளரின் கையிலேயே ஏழு மாதம் இருந்தன. மையின் நிறத்தைப் பார்த்தாரோ என்னவோ, எழுத்தைப் பார்க்கவில்லை. இறந்துபோன ஒரு குழந்தை, எழுதத் தெரியாத ஒரு படகோட்டி, எழுதத் தெரிந்த ஒரு தச்சர் என மூவரைப் பெயர் ஒற்றுமை என்ற ஒரே நூலால் தைத்து ஒருவராக்கியிருந்தார்கள்.

மரபணுச் சோதனை செய்து இதை உறுதிப்படுத்தியாயிற்று என்பது அவர்களுடைய அடுத்த வாதம். என் உமிழ்நீர் மாதிரியை அவர்களே வாங்கி அனுப்பியிருந்தார்கள். படகோட்டியின் வழிவந்த ஒருவரோடு எனக்கு 22 சென்டிமார்கன் (இருவர் பகிரும் மரபணுவின் அளவைக் குறிக்கும் அலகு) பொருத்தம் இருக்கிறதாம். தாய்தந்தையரின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கிடையே சராசரியாக 850 அளவில் பொருத்தம் இருக்கும். ஒரே எள்ளுத்தாத்தா வழிவந்தவர்களுக்கிடையே அது ஏறத்தாழ 70 ஆகக் குறைந்துவிடும், அவர்களிலும் சுமார் பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே தென்படாமல் போகலாம். 22 என்பது அதற்கும் அப்பால் நிற்கும் தூரத்து உறவைக் காட்டும் அளவு. ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் 32 முன்னோர் இருக்கிறார்கள். அந்தப் பொருத்தம் அவர்களில் எந்த இணையிடமிருந்து வந்தது என்பதை ஓர் எண் தானாகச் சொல்லாது. ஏதோ ஒரு வழியில் தூரத்துச் சொந்தம் என்பதை, இன்னார்தான் உன் பூட்டனார் என்பதற்கு அத்தாட்சியாக மாற்றிவிட்டார்கள்.

அந்தச் சோதனைக்காகத் திறந்த இணையக் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக் கணக்கு என் பெயரில் இல்லை, செயலாளரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தது. அதை அழிக்கும்படி நிறுவனத்துக்கு எழுதியபோது, கணக்கின் உரிமையாளரே கேட்க வேண்டும் என்றார்கள். என் மரபணுவுக்கு நான் உரிமையாளர் இல்லை என்ற வாசகத்தை நான் வாசிக்க நேர்ந்தது இப்படித்தான். 2023இல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் இணையத் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில் மட்டுமே. ஆனால் உறவினரைக் காட்டும் வசதியின் வழியே ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் அவர்கள் கைக்குப் போயின. நம் கணக்கை நாம் பூட்டினாலே போதாது என்றிருக்கும்போது, சாவியையே இன்னொருவரிடம் கொடுத்துவைப்பதைப் பற்றி என்ன சொல்ல?

அட்டையிலிருந்த குலச்சின்னத்துக்கு அதிக வார்த்தைகளைச் செலவிட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் குலச்சின்னங்களை வழங்குவதற்கென 1484இல் நிறுவப்பட்ட 'சின்னங்களுக்கான கல்லூரி' என்ற அமைப்பின் விதிப்படி, சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்பட்டு அவருடைய நேர் வாரிசுகளுக்குச் செல்வது. ஒரு குடும்பப் பெயர் உள்ள அனைவருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது. அதை விற்பவர் யாரானாலும் அவருடைய மற்ற வேலையையும் அதே கண்ணோடு பார்க்கலாம்.

குழுவின் நிர்வாகிகளிடம் எல்லாப் படங்களையும் எடுத்துச் சென்று முறையிட்டேன். நான் கட்டியது நன்கொடை, நன்கொடை திருப்பித் தரப்படுவதில்லை என்றார்கள். வம்சாவளியை அப்படியே வேறொரு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளவாவது கெட்காம் கோப்பாகத் தாருங்கள் என்றேன். 1984 முதல் புழக்கத்தில் உள்ள அந்த வடிவத்தில் ஒவ்வொரு செய்தியோடும் அதன் ஆதாரத்தைச் சேர்த்துவைக்க இடமுண்டு. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, அதைத் தரும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடிதங்களைக் கேட்டபோது ஐந்து வந்தன. ஆறாவதை நான் கொடுத்ததாகவே அவர்களுக்கு நினைவில்லை. என்னிடம் துண்டுச்சீட்டு இல்லை. நல்லவேளையாக, முதல் நாள் கொண்டு போயிருந்த நகல்கள் பத்திரமாக இருந்தன. அந்தக் கடிதத்தின் சுழித்த கையெழுத்து இப்போது நகலில் மட்டுமே இருக்கிறது.

பணமும் கடிதமும் போனது என்னோடு முடிந்துவிடும். முடியாதது வேறொன்று. என்னிடம் கேளாமலேயே செயலாளர் அந்த வம்சாவளியை இணையத்தில் ஏற்றியிருந்தார். உயிரோடு இருக்கும் என் உடன்பிறந்தாரின் பிறந்த தேதிகளும் அதில் இருந்தன. அவற்றை நீக்க வைப்பதற்கே மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் பலர் தங்கள் வம்சாவளியில் எங்கள் கிளையை நகலெடுத்து ஒட்டிக்கொண்டார்கள். நகலெடுத்தவர்கள் ஒருவரையொருவர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பத்து இடத்தில் ஒரே செய்தி இருப்பதைப் பார்ப்பவர், பத்து சாட்சிகள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குஸ்டாவ் ஆன்ஜூ என்பவர் செல்வந்தர்களுக்குப் பொய் வம்சாவளிகளைத் தயாரித்து விற்றார். உண்மையான ஆவணக் குறிப்புகளுக்கு நடுவே கற்பனையான ஓர் இணைப்பைச் செருகிவிடுவது அவருடைய கைவரிசை. 1942இல் அவர் இறந்துவிட்டார். அவர் உண்டாக்கிய முன்னோர்கள் இன்னும் நல்லெண்ணம் கொண்டவர்களின் வம்சாவளிகளில் உயிரோடிருக்கிறார்கள். எங்கள் செயலாளர் அவரைப்போல் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. சோம்பலாலும், கேள்வி கேட்கப் பழகாத உறுப்பினர்களாலும்கூட அதே விளைவு வந்துசேரும்.

சேர விரும்புகிறவர்கள், முன்பு வேறு யாருக்காவது செய்து கொடுத்த ஓர் அறிக்கையை, பெயர்களை மறைத்தாவது, காட்டச் சொல்லிப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு தேதிக்கும் பதிவேட்டின் பெயரும் பக்கமும் இருக்கிறதா, முரண்பட்ட ஆவணம் கிடைத்தபோது அதை எப்படித் தீர்த்தார்கள் என்று எழுதியிருக்கிறார்களா, "கிடைக்கவில்லை" என்று ஓரிடத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பிய வம்சாவளியைக் கண்டால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. மூலக் காகிதத்தை வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள்; உங்கள் எதிரிலேயே ஸ்கேன் செய்ய மறுப்பவருக்கு அதைக் காட்டவும் வேண்டாம். மரபணுச் சோதனையை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் பதிவு செய்யுங்கள்.

தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவருடைய தாத்தாவின் பிறப்புப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. தச்சர் ஒருவரின் திருமணப் பதிவு வேறொரு பதிவேட்டில் அகப்பட்டிருக்கிறது, கடைசி எழுத்தில் சுழியும் இருக்கிறது. இணையத்தில் இருக்கும் தவறான கிளையைப் பற்றி நகலெடுத்த ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிப்பேர் பதில் தருவதில்லை. போன வாரம் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாம் தூரத்து உறவினர், நம் பொதுவான முன்னோரின் கையெழுத்து கிடைத்துவிட்டது, பார்த்து மகிழுங்கள் என்று எழுதி, அந்தப் படகோட்டியின் கீறலைப் பெரிதாக்கி எனக்கே அனுப்பியிருந்தார்.