சிறைத் தண்டனை முடித்த விளையாட்டு வீரர்: திரும்ப ஆட விடலாமா, வாழ்நாள் தடையா?

சேலம் காந்தி மைதானத்துக்குப் பிள்ளைகளை விளையாட அனுப்பும் பெற்றோருக்கு இது முக்கியமான கேள்வி.

பிழைப்பு: திரும்ப விட்டால் தெரிந்த தொழில் மிஞ்சும். தடை போட்டால் வேறு வேலை தேட வேண்டும்; சிறையிலிருந்து வரும் பலருக்கும் அதே நிலைதான்.

பாதிக்கப்பட்டவர்: எனக்கு இதுதான் பெரிது. பாலியல் வன்கொடுமைக்காகச் சிறை சென்ற குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 1995-இல் விடுதலையாகி, மறு வருடமே உலக சாம்பியன் ஆனார். 12 வயதுச் சிறுமியை வன்புணர்ந்ததற்காக 2016-இல் தண்டிக்கப்பட்ட நெதர்லாந்து வீரர் ஸ்டீவன் வான் டி வெல்டே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பீச் வாலிபால் ஆடினார். பாதிக்கப்பட்டவர் டிவியைப் போட்டால் அந்த முகம், கைதட்டலோடு. தடை இருந்தால் இந்தக் கொடுமையாவது இருக்காது.

சரி, ஸ்பாட் பிக்ஸிங் (பணம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தின் ஒரு பகுதியை முன்பே பேசி வைத்தபடி ஆடுவது) மாதிரிக் குற்றமா? பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் முகமது ஆமிர் போல 5 வருடத் தடை முடித்துத் திரும்பட்டும். வன்புணர்வு, கொலை என்றால் வாழ்நாள் தடைதான், பயிற்சியாளராகவும் விடக்கூடாது.