'செட்'டுக்கு எத்தனை தமிழ்? ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி பற்றி

சமையல் குறிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. தொடக்கத்தில் கைப்பேசியில் ஓர் இலவச அகராதிச் செயலியை நம்பியிருந்தேன். ஒரு புட்டிங் செய்முறையின் கடைசி வரியில் 'செட்' வந்தது. செயலி காட்டிய முதல் பொருள் 'அமை'. 'இரண்டு மணி நேரம் அமைய விடவும்' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துப் பார்த்த மாமியார், "உறைய விடணும்னு எழுதும்மா. தயிர் உறையுதுன்னுதானே சொல்றோம்?" என்றார். அந்த வாரமே இந்த அகராதியை வாங்கினேன்.

இதை முதலில் உருவாக்கியவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். 1942-ல் அங்கேதான் முதல் பதிப்பு வந்தது; 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்பவர் எங்கே தடுமாறுவார் என்று தெரிந்தவர் கை பட்டது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

'செட்' வினைச்சொல்லுக்கு நீளமான பதிவு. ஆனால் மலைக்க வேண்டியதில்லை. நகை, கடிகாரம், எலும்பு, தலைமுடி, அச்சு, சூரியன் என்று ஒவ்வொரு பொருளின் தலையிலும் ஒரு வழிகாட்டிச் சொல் நிற்கிறது. நமக்கு வேண்டியதற்கு நேரே போய்விடலாம். ஓரத்தில் பென்சிலால் தமிழ் வினைகளை எழுதிக்கொண்டே வந்தேன். கல்லைப் பதிக்கிறோம், அலாரம் வைக்கிறோம், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறோம், அச்செழுத்தைக் கோக்கிறோம், பாட்டுக்கு மெட்டமைக்கிறோம். சூரியன் சாய்கிறது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே மூன்றெழுத்து! கெட்டியாவது என்ற ஒரே பொருளுக்குள்கூட நமக்கு ஜெல்லி உறையும், சிமெண்ட் இறுகும். எதற்கு எது என்று பிரிக்க அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் உதவுகின்றன.

இதன் இணையதளத்தில் சொற்பிறப்பும் இருக்கிறது. 'செட்' பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது, 'சிட்' என்பதற்கு உறவு. நம் அமர், அமர்த்து போலத்தான். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தொகுதி என்று பொருள்படும் 'செட்'டில் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனும் கலந்திருக்கிறது. நம் பம்புசெட், செட் தோசை எல்லாம் அந்தப் பக்கத்து உறவு. 'எனக்கும் அவளுக்கும் செட் ஆகாது' மட்டும் நாமே உண்டாக்கியது. அதை இங்கே தேட வேண்டாம்.

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி வேறு. 1989-ல் 20 தொகுதிகளாக வந்த பதிப்பில் 'செட்'டுக்கு 400-க்கும் மேற்பட்ட பொருள்கள். பிறகு 'ரன்' 600-ஐத் தாண்டி அதை முந்திவிட்டது. என் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை.

சரி, வாங்கலாமா? ஒரு சொல்லை மட்டும் பார்க்க இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொழிபெயர்ப்பவராக இருந்தால் புத்தகத்தையே வாங்குங்கள். எல்லாப் பொருளும் ஒரே பார்வையில் கண்முன் விரிவது திரையில் வராது. ஓரத்தில் எழுதவும் முடியாது. இது ஆங்கிலம்–ஆங்கிலம் என்பதால் தமிழ்ச் சொல்லை நாமேதான் தேட வேண்டும். பக்கத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் வைத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மேசையை 'செட்' செய்வதற்கு நேரே மட்டும் ஓரம் ரொம்ப நாள் காலியாக இருந்தது. தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் எடுத்து வைப்பதை ஒரே வினையில் எப்படிச் சொல்ல? மாமியாரிடம் கேட்டேன். "இலை போடுறதுதான்" என்றார். பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.