"100% ஹெட்" என்று சொல்லி விற்றால் முதலில் பெற்றோரைக் கேளுங்கள்

பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பின் குட்டி வாங்கி, வளர்த்து, ஜோடி சேர்க்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு ப்ரீடர் (பாம்பை இனப்பெருக்கம் செய்து விற்பவர்) எனக்கு ஒரு பெண் குட்டியை "100% ஹெட் பைபால்ட்" என்று டப்பா மேல் எழுதி விற்றார். சாதாரணக் குட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. பைபால்ட் மரபணு இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் உடம்பில் வெள்ளைத் திட்டு வரும். ஒரு பிரதி மட்டும் உள்ள பாம்பைத்தான் ஹெட் என்கிறார்கள்; பார்க்க அது நார்மல், அதாவது சாதாரணப் பாம்புதான். கண்ணால் சரிபார்க்க முடியாத பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், ஏமாற்றுபவர்களுக்கு அதுவே வசதி.

பெற்றோரைப் பற்றிக் கேட்டேன். "அப்பா அம்மா ரெண்டுமே ஹெட் சார், அப்ப குட்டி நூறு பர்சன்ட் ஹெட்தானே?" என்றார். குட்டியைத் திருப்பி அடிவயிற்றைக் காட்டினார். வால் பக்கமாகத் தண்டவாளம் போல இரண்டு கருங்கோடுகள். "ஹெட்டுக்கு அடையாளமான மார்க்கரே இருக்கு பாருங்க."

அந்தக் கோடுகள் ஹெட்டே இல்லாத பாம்பிலும் வரும். அவர் சொன்ன கணக்கும் தப்பு. இரண்டு ஹெட் சேர்ந்தால் சராசரியாக நான்கு குட்டியில் ஒன்று பைபால்ட், இரண்டு ஹெட், ஒன்று வெறும் நார்மல். பைபால்ட் தனியாகத் தெரிந்துவிடும். மிச்சம் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும், அதில் இரண்டில்தான் மரபணு உண்டு. அதைத்தான் "66% பாஸிபிள் ஹெட்" என்கிறார்கள். குட்டிக்குள் 66 சதவீத மரபணு இருப்பதாக அர்த்தமில்லை. இருக்கும், இல்லையென்றால் இருக்காது. ஹெட்டும் நார்மலும் சேர்ந்தால் அது 50%. பிறந்த குட்டியை 100% என்று சொல்ல, தாய் தந்தையில் ஒன்றாவது விஷுவல் பைபால்டாக, அதாவது வெள்ளைத் திட்டு வெளியே தெரிவதாக, இருக்க வேண்டும்.

பெண் பாம்பு முட்டையிடும் எடைக்கு வரப் பொதுவாக மூன்று வருஷம் ஆகிவிடும். வளர்த்து, பைபால்ட் ஆணோடு சேர்த்தேன். 6 முட்டைகள், இன்குபேட்டரில் ஏறக்குறைய இரண்டு மாதம். ஒவ்வொன்றாக ஓட்டைக் கிழித்துத் தலை நீட்டின. ஒன்றில்கூட வெள்ளை இல்லை. தாய் உண்மையான ஹெட்டாக இருந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் பாதி வாய்ப்பு. ஆறும் தவறுவது 64-ல் ஒரு முறைதான் நடக்கும். அந்தப் பெண் பாம்பு உரித்த சட்டையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். பைபால்ட் இல்லை என்று முடிவு வந்தது.

என் பெண் பாம்பின் தாயை அந்த ப்ரீடருக்கு விற்றவரைத் தேடிப் பிடித்தேன். அவர் கொடுத்த ரசீதிலேயே "66% பாஸிபிள் ஹெட்" என்றுதான் இருந்தது. தந்தையோ வெறும் நார்மல் என்றும் தெரிந்தது. அப்படியென்றால் என் குட்டிக்கு இருந்த வாய்ப்பு 33% மட்டும். "பாஸிபிள்" என்பதை அந்த ப்ரீடரே எடுத்துவிட்டு, முழு ஹெட் விலைக்கு எனக்குத் தந்திருக்கிறார். ரசீதைக் காட்டிக் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் சார் எழுதுறாங்க" என்றார். பணம் திரும்ப வரவில்லை.

"ஹெட் பாஸ்டல்" என்று யாராவது விற்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பாஸ்டல் என்ற நிற வகையின் மரபணு ஒரு பிரதியிலேயே வெளியே தெரியும், இரண்டு இருந்தால் சூப்பர் பாஸ்டல். ஒளிந்திருக்கும் பாஸ்டல் என்று ஒன்று கிடையாது. போவா என்ற வேறு வகைப் பாம்பை வாங்குபவர்கள் "ஹெட் அல்பினோ" என்பதோடு நின்றுவிடாதீர்கள், காஹ்ல் லைனா ஷார்ப் லைனா, அதாவது எந்த வம்சம் என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு மரபணு. ஒன்றை மற்றதோடு சேர்த்தால் அல்பினோ பிறக்காது.

பெற்றோர் படம், அவை எந்த ஜோடிக்குப் பிறந்தவை என்ற விவரம், தோல் சோதனை முடிவு, இத்தனையும் எழுத்தில் இல்லாவிட்டால் நார்மல் விலைக்கு மேல் ஒரு காசு தராதீர்கள்.

என்னிடம் பிறந்த ஆறும் தந்தை வழியில் 100% ஹெட். வாங்குகிறவர்களுக்குத் தந்தையின் படத்தோடு, தாயின் சோதனை முடிவையும் சேர்த்தே கொடுக்கிறேன்.