சர்வர் பெட்டிக்குள் ஜிப் டையா, வெல்க்ரோவா?

சர்வருக்குள் கேபிள் கட்ட எது நல்லது என்று கேட்டால் என் ஓட்டு ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டையான வெல்க்ரோவுக்குத்தான். ஆனால் ஒருமுறை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிய பிளாஸ்டிக் பட்டையான ஜிப் டைக்கும் அங்கே ஒரு மூலை இருக்கிறது.

ஜிப் டை 1958-இல் அமெரிக்காவின் தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனம் விமான வயரிங்குக்காகக் கொண்டுவந்தது. எவ்வளவு அதிர்ந்தாலும் அவிழாது, இழுக்க இழுக்க இறுகும். விமானத்துக்கு அது வரம். சர்வரிலோ இன்று பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இயக்கும் ரெய்டு கார்டு, நாளை பேட்டரி, அடுத்த மாதம் டிஸ்க்குகளைச் செருகும் பேக்பிளேன் பலகை என்று எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கட்டரை உள்ளே விட வேண்டும். டையோடு சேர்ந்து கேபிளின் தோலும் கிழிய ஒரு நொடி போதும்.

அதைவிடப் பெரிய கவலை இறுக்கம். டிஸ்க்குகளுக்குத் தரவு கொண்டுபோகும் சாஸ் கேபிளுக்குள் கம்பிகள் ஜோடி ஜோடியாக, காப்புப் பொருளுக்குள் ஒரே இடைவெளியில் போகின்றன. வினாடிக்கு 12 கிகாபிட் ஓடும் பாதை அது. ஓரிடத்தில் நசுங்கினால் இடைவெளி மாறும், சிக்னல் அங்கே முட்டித் திரும்பும். சாட்டா என்ற இன்னொரு வகை டிஸ்க் கேபிளுக்கும் இதே கதிதான். ஒருமுறை ஒரு சர்வரில் சாட்டா டிஸ்க் ஒன்று அடிக்கடி ரெய்டிலிருந்து கழன்றுகொண்டே இருந்தது. டிஸ்க்கை இரண்டு முறை மாற்றினோம். டிஸ்க் தன் நிலை பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற எண்ணுள்ள வரி, அதாவது கேபிள் வழியே தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் சி.ஆர்.சி பிழை எண்ணிக்கை, புது டிஸ்க்கிலும் ஏறிக்கொண்டே போனது. ஃபேன் வரிசைக்குப் பக்கத்தில் பட்டைக் கேபிளின் இடுப்பை ஒரு ஜிப் டை கவ்வியிருந்தது. வெட்டியெடுத்த பிறகும் பள்ளம் மறையவில்லை. கேபிளை மாற்றினோம், பிழை நின்றது.

வெல்க்ரோ இப்படிக் கடிக்காது. கையாலேயே பிரித்து, அதையே திரும்பச் சுற்றலாம். சுற்றியபின் விரல் நுனி உள்ளே நுழைய வேண்டும், அவ்வளவு தளர்வு போதும். குறை என்றால் அதன் பருமன். ராக்கில் ஒரே ஒரு அடுக்கு மட்டும் எடுக்கும் 1யூ பெட்டியின் உயரமே 44.45 மி.மீ.தான், அதில் இரண்டு சுற்றுச் சுற்றிய வெல்க்ரோ முடிச்சு காற்றோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும். குறுகலான பட்டையாக வெட்டி ஒரே சுற்றோடு விடுங்கள், முடிச்சு ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்குக்கும் நடுவே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கிப் பக்கத்தில் தூசு சேரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஜிப் டை எங்கே? பவர் போர்டிலிருந்து வரும் தடித்த மின் கேபிள்களைப் பெட்டியின் ஓரத்தோடு சேர்த்து நிறுத்த. அவற்றை யாரும் அடிக்கடி தொடமாட்டார்கள், சற்று இறுகினாலும் சிக்னல் கெடாது. வாலை ஒட்ட நறுக்குங்கள். சாய்வாக விட்ட முனை பிளேடு மாதிரி, அடுத்து கை விடுபவரின் மணிக்கட்டைக் கீறும்.

தயாரிப்பாளரே கிளிப்பும் பள்ளமும் வைத்திருந்தால் இரண்டுமே தேவையில்லை. அந்தப் பாதை காற்றையும் மூடியையும் கணக்கிட்டுப் போட்டது. குறுக்கு வழி தேடாமல் அதிலேயே கேபிளைப் படுக்க வையுங்கள்.

எதைக் கட்டினாலும் முதலில் சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளுக்கும் போகும் மின் வயர்களைக் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற சப்ளையில் மின்சாரம் இருக்கும். கையில் உடம்பின் நிலைமின்சாரத்தை வடிக்கும் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டுங்கள். கனெக்டரை லாட்ச் அழுத்தி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கடைசியில் மூடி தானாக வழுக்கி உட்கார வேண்டும். அழுத்தினால்தான் மூடுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு கேபிள் நசுங்குகிறது, திரும்பத் திறந்து பாருங்கள்.